உச்சநிலைப் பெயரடையும் 'மிக' என்னும் சொல்லும்

கொல்கத்தாவில் வங்காள வழியில் பயிலும் மாணவன் கணக்குப் பாடத்தில் 'கரிஷ்ட', 'லகிஷ்ட' என்னும் இரு பெயரடைகளைத் தவறாது கற்கிறான். தமிழ் மாணவன் மீப்பெரு பொது வகுத்தி, மீச்சிறு பொது மடங்கு எனக் கற்பனவற்றையே அவை குறிக்கின்றன. குரு, லகு என்னும் சொற்களோடு 'இஷ்ட' என்னும் வடமொழி ஈறு சேர்ந்து உச்சநிலையை உணர்த்துகிறது. ஆங்கிலத்தில் ஓரசைப் பெயரடைகளோடு சேரும் 'எஸ்ட்' ஈறும் (கிரேட், கிரேட்டஸ்ட்) இதனோடு ஒரே மூலத்தினின்று பிறந்ததே. நீண்ட சொற்களுக்கு முன் ஆங்கிலம் 'மோஸ்ட்' என்பதை இடுகிறது. 1786இல் வில்லியம் ஜோன்ஸ் கல்கத்தாவின் ஆசியக் கழகத்தில் வடமொழிக்கும் கிரேக்க, இலத்தீன் மொழிகளுக்கும் உள்ள உறவை எடுத்துரைத்தார். பின்வந்த ஒப்பியலார் அவ்வுறவுக்குக் காட்டிய சான்றுகளுள் இவ்வீறும் அடங்கும்.

எனினும் வங்காளப் பேச்சுவழக்கு இவ்வீற்றை நாடுவதில்லை. 'ஷப்சேயே பொரோ' என்பதே அங்கு இயல்பான தொடர். 'எல்லாவற்றையும் நோக்கப் பெரியது' என்பது அதன் சொற்பொருள். நோக்குதலைக் குறிக்கும் வினையெச்சமே அங்கு ஒப்புருபாயிற்று. நம் 'பார்க்கிலும்' என்பதன் ஆக்கமும் இத்தகையதே. இனத்தால் வேறுபட்ட இரு மொழிகள் இங்கு ஒரே வழியில் நடக்கின்றன. திராவிட மொழிகளில் உச்சநிலை ஈறு இல்லை என்பதைக் கால்டுவெல் 1856இலேயே சுட்டியுள்ளார்.

ஈறு இல்லாமை குறையன்று. 'மக்களுள் மூத்தவன்' என்னும் தொடரில் பெயர் அடையேதும் பெறவில்லை. 'உள்' உருபு காட்டும் எல்லையே உச்சநிலையைத் தருகிறது. ஆங்கில 'மோஸ்ட்' என்பதற்கு 'மிக' நேர் என்று கற்பிக்கும் பழக்கத்தாலேயே இடர் தோன்றுகிறது. கொல்கத்தாவின் தேசிய நூலகத்தை 'இந்தியாவின் மிகப் பெரிய நூலகம்' என்கிறோம், பொருள் தெளிவு. 'கொல்கத்தாவில் மிகப் பெரிய நூலகம் ஒன்று உள்ளது' என்றாலோ, அது பெரிய நூலகம் என்பதற்கு மேல் எதுவும் பெறப்படுவதில்லை. 'மிக' மிகுதியையே உணர்த்தும். உச்சத்தை உணர்த்துவது எல்லைச்சொல்.

இலக்கியப் பெயர்ப்பில் இவ்வேறுபாடு பொறுக்கத்தக்கது. அலுவலக ஆவணத்தில் அவ்வாறன்று. 'மிகக் குறைந்த ஒப்பந்தப்புள்ளி ஏற்கப்படும்' என்றால், மிகக் குறைந்தவை மூன்று வந்தால் எதனை ஏற்பது? 'வரப்பெற்ற ஒப்பந்தப்புள்ளிகளுள் குறைந்தது' என எழுதின் வழக்கிற்கு இடமில்லை. கணக்கியல் கலைச்சொல் ஆக்கியோர் 'மிக' என்பதை விடுத்து, மேல் என்னும் பொருள்தரும் பழைய 'மீ' முன்னொட்டைத் தேர்ந்தமை இவ்வகையில் பாராட்டத்தக்கது. (ஈறு உடைமையும் முழுக்காப்பன்று: வங்காளத்தில் 'சங்க்யாகரிஷ்ட' எனின் பெரும்பான்மையே, உச்சம் அங்குத் தேய்ந்துவிட்டது.)

'மிக' பொருந்தும் இடம் ஒன்று உண்டு. ஆங்கிலம் உச்சநிலையைப் பலவற்றுக்குப் பொதுவாக்கி, அவற்றுள் ஒன்று எனக் கூறுங்கால், 'எல்லாவற்றினும் பழைய நூலகங்களுள் ஒன்று' என்பது முரணாகும். 'மிகப் பழைய நூலகங்களுள் ஒன்று' என்பதே தகும்.