துபாயில் வேலை, குடியிருப்பு எங்கே?



வளைகுடா நாடுகளுக்குக் குடும்பத்தோடு செல்லவிருக்கும் இளைஞர்கள், திருமணச் சான்றிதழும் பிள்ளைகளின் திருமுழுக்குச் சான்றிதழும் கேட்டு நம் பங்கு அலுவலகத்துக்கு வருவது வழக்கம். விசா, சம்பளம், விமானச் சீட்டு என எல்லாவற்றையும் விளக்கமாகச் சொல்வார்கள். "எந்தப் பகுதியில் வீடு பார்த்திருக்கிறாய், தம்பி?" என்று கேட்டால் மட்டும் பெரும்பாலும் ஒரே பதில்தான்: "வாடகை எங்க குறைவோ அங்க, ஃபாதர்." முன்பெல்லாம் நாமும் அது சரிதான் என்று தலையசைத்து, ஆசீர் வழங்கி அனுப்பிவிடுவோம். இப்போது அப்படி அனுப்புவதில்லை. அதற்குக் காரணமான ஒரு குடும்பத்தைப் பற்றி, அவர்களுடைய அனுமதியோடு, பெயர் குறிப்பிடாமல் எழுதுகிறோம்.

கணவர் துபாயின் தென்மேற்குப் பகுதியான ஜெபல் அலியில் ஒரு நிறுவனத்தில் கணக்கர். வீடு எடுத்ததோ வடகிழக்கே, அடுத்த அமீரகமான ஷார்ஜாவில். ஒரு படுக்கையறை, நல்ல கூடம், பதினோராவது மாடி. பதினான்கு மாதங்கள் சென்றதும் மனைவி நான்கு வயது மகளோடு ஊருக்குத் திரும்பிவிட்டார். ஊர் சும்மா இருக்குமா? கணவன் மனைவிக்குள் ஏதோ மனத்தாங்கல் என்று பேச்சு பரவியது. பெண்ணின் பெற்றோர் நம்மிடம் வந்து, "சாமி, நீங்கதான் புத்தி சொல்லணும்" என்றார்கள். நாமும் அந்தப் பெண்ணை அழைத்து, பொறுமையைப் பற்றியும் விட்டுக்கொடுத்தலைப் பற்றியும் அரைமணி நேரம் பேசினோம். அவர் ஒன்றும் மறுக்கவில்லை. தலைகுனிந்து கேட்டுவிட்டுப் போனார்.

கணவர் விடுமுறையில் வந்தபோது இருவரையும் ஒன்றாக உட்காரவைத்து, "அங்கே ஒரு நாள் எப்படிப் போகும், காலையிலிருந்து சொல்லுங்கள்" என்றோம். காலை ஐந்தரைக்கு நண்பர் ஒருவரின் காரில் புறப்படுவார். சற்றுப் பிந்தினால் நெரிசலில் மாட்டிக்கொள்ள வேண்டும். இரவு எட்டுக்கு மேல்தான் வீடு திரும்புவார். அவர் போகும்போதும் குழந்தை தூக்கம், வரும்போதும் தூக்கம். மனைவிக்குக் கார் ஓட்டத் தெரியாது, அந்த மாடியில் பேச்சுத்துணைக்கும் ஆளில்லை. "உங்களுக்குள் சண்டை ஏதும் உண்டா?" என்று கேட்டோம். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "சண்டை போட எங்க ஃபாதர் நேரம்?" என்றார் அந்தப் பெண். நாம் அரைமணி நேரம் பேசிய பொறுமை அவரிடம் ஏற்கெனவே இருந்தது என்பது அப்போதுதான் நமக்கு விளங்கியது.

துபாயும் ஷார்ஜாவும் ஒட்டிக்கிடக்கும் நகரங்கள். எல்லையில் அல் நஹ்தா என்ற ஒரே பெயரில் இரு பக்கமும் குடியிருப்புகள் உண்டு. துபாய் பக்கம் வாடகை கூடுதல், ஷார்ஜா பக்கம் குறைவு. ஆகவே துபாயில் வேலைசெய்யும் பெருங்கூட்டம் ஷார்ஜாவில் குடியிருக்கிறது. காலையில் எல்லாரும் ஒரே திசையில் போக, மாலையில் எல்லாரும் ஒரே திசையில் திரும்புகிறார்கள். அல் இத்திஹாத் சாலை, ஷேக் முகமது பின் சாயித் சாலை, எமிரேட்ஸ் சாலை என மூன்று பெரிய சாலைகள் இருந்தும் போதவில்லை. துபாய் மெட்ரோ 2009-இல் தொடங்கியது. அதன் பச்சைத் தடம் 2011-இல் அல் குசைஸ் வரை வந்து எல்லைக்கு இப்பால் நின்றுவிட்டது, ஷார்ஜாவுக்குள் போகவில்லை. பேருந்துகள் உண்டு, ஆனால் அவையும் அதே நெரிசலில்தான் நகர வேண்டும். ஒருமுறை அங்குள்ள நம் பங்குமக்களைச் சந்திக்கச் சென்றிருந்தபோது, மாலை 6 மணிக்குத் துபாயிலிருந்து காரில் புறப்பட்டோம். செபமாலையின் மறையுண்மைகள் இருபதையும் சொல்லி முடித்தும் ஷார்ஜா வந்தபாடில்லை.

நம் குடும்பத்தாரோடு உட்கார்ந்து ஒரு கணக்குப் போட்டோம். போகவர நாளுக்கு 3 மணி நேரம் என்று குறைத்தே வைத்துக்கொண்டோம். மாதத்துக்கு 22 வேலைநாள் என்றால் 66 மணி நேரம். 11 மாதங்களுக்கு 726 மணி நேரம்; அதாவது 30 முழு நாள்கள். அந்நாட்டுச் சட்டப்படி ஓராண்டு வேலைசெய்தவருக்கு ஆண்டு விடுமுறையும் 30 நாள்தான். மனைவி மக்களைக் காண ஆவலோடு எண்ணிக் காத்திருக்கும் அந்த ஒரு மாத அளவுக்கு இன்னொரு மாதத்தை அவர் சாலையிலேயே செலவழித்துக்கொண்டிருந்தார். வாடகையில் மிச்சம் பிடித்த தொகையை அந்தக் கணக்குக்கு எதிரே எழுதியபோது அவர் நெடுநேரம் பேசவில்லை.

தொடக்க நூலில் ஆபிராமும் லோத்தும் பிரியும்போது லோத்து கண்களை உயர்த்திப் பார்த்தார், நீர்வளம் மிகுந்த யோர்தான் சமவெளியைத் தேர்ந்துகொண்டார். மேய்ச்சலுக்கு அது நல்ல இடம்தான். அங்கே குடும்பம் எப்படி வாழும் என்பதை அவர் விசாரித்ததாக நாம் வாசிப்பதில்லை.

ஷார்ஜாவில் குடியிருப்பதே தவறு என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். வேலை ஷார்ஜாவிலோ, எல்லையை அடுத்த அல் குசைஸ், தேரா பகுதிகளிலோ என்றால் அது நல்ல முடிவே. ஒப்பந்தம் தொடங்கி முதல் 3 ஆண்டுகளுக்கு வாடகையை உயர்த்த அங்குள்ள சட்டம் இடம்தருவதில்லை. முவைலே பகுதியில் இந்தியப் பாடத்திட்டப் பள்ளிகள் பல அடுத்தடுத்து உள்ளன. ஆனால் முன்பணம் கொடுக்குமுன், ஒரு வேலைநாளில், அந்தக் கட்டடத்தின் வாசலிலிருந்தே புறப்பட்டு அலுவலகம் போய், மாலையில் திரும்பியும் பார்க்க வேண்டும். விடுமுறை நாளில் வீடு பார்க்கப்போனால் சாலை காலியாக இருக்கும், ஏமாந்துபோவோம்.

வாடகைக்கு வெளியே வரும் செலவுகளையும் கேட்டறிய வேண்டும். துபாயில் ஆண்டு வாடகையில் 5 விழுக்காடு மாநகராட்சிக் கட்டணமாக, மாதாமாதம் மின்சார, தண்ணீர் ரசீதோடு சேர்ந்து வரும். குளிரூட்டும் கட்டணம் சில கட்டடங்களில் வாடகைக்குள் அடங்கும், சிலவற்றில் தனி. வெயில் 45 டிகிரியைத் தாண்டும் மாதங்களில் இந்த வேறுபாடு நன்றாகவே உறைக்கும். அந்த வெயிலில் கைக்குழந்தையோடு கடைக்கு எவ்வளவு தூரம் நடக்க வேண்டும் என்பதைக் கணவர் அல்ல, மனைவிதான் சொல்ல வேண்டும். 2024 ஏப்ரல் 16-இல் வரலாறு காணாத மழை பெய்தபோது ஷார்ஜாவின் மஜாஸ், காசிமியா போன்ற பகுதிகளில் நாள்கணக்கில் தண்ணீர் வடியவில்லை. அந்த வாரம் இந்தத் தெரு எப்படி இருந்தது என்று கீழே இருக்கும் மளிகைக்கடைக்காரரைக் கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுவார்.

குடும்ப விசாவுக்குப் பதிவுசெய்யப்பட்ட வாடகை ஒப்பந்தம் தேவை. துபாயில் அந்தப் பதிவை இஜாரி என்கிறார்கள். அறையைப் பலகையால் தடுத்து உள்வாடகைக்கு விடும் இடத்தில், ஒப்பந்தம் வேறு யாரோ ஒருவர் பெயரில் இருக்கும். மலிவு என்று அங்கே குடும்பத்தைக் கொண்டுபோய் வைப்பவர்களை நாம் அறிவோம். 2025 ஜூனில் துபாய் மாநகராட்சி ரிக்கா, சத்வா உள்ளிட்ட பகுதிகளில் இத்தகைய தடுப்பறைகள்மேல் கடும் நடவடிக்கை எடுத்தது. இதில் நாம் இரண்டு கருத்து சொல்வதற்கில்லை: குழந்தையோடு அங்கே போகாதீர்கள். வீடு எடுக்கப் பணம் சேரும்வரை குடும்பம் ஊரிலேயே இருக்கட்டும்.

ஆலயம் எங்கே என்பதையும் பார்க்க வேண்டும். நம் ஊரைப்போல் தெருவுக்கொரு சிற்றாலயம் அங்கே கிடையாது. ஆட்சியாளர்கள் வழங்கிய நிலத்திலுள்ள வளாகங்களில்தான் வழிபாடு. ஊத் மேத்தாவில் 1967-இல் எழுந்த புனித மரியா ஆலயம், ஜெபல் அலியில் 2001-இல் திறக்கப்பட்ட அசிசி புனித பிரான்சிஸ் ஆலயம், ஷார்ஜா யார்மூக்கில் புனித மிக்கேல் ஆலயம் ஆகியவை நம்மவர் மிகுதியாகச் செல்பவை. 2022 ஜனவரியிலிருந்து வார விடுமுறை சனி, ஞாயிறு என்று மாறியது. வெள்ளி அரைநாள் வேலை. ஷார்ஜாவில் மட்டும் வெள்ளியும் சேர்த்து மூன்று நாள் விடுமுறை. ஆகவே ஷார்ஜா பள்ளியில் படிக்கும் பிள்ளைக்கு வெள்ளியன்று விடுமுறை, துபாயில் வேலைசெய்யும் தந்தைக்கு வேலை. தனியார் நிறுவனங்கள் பலவற்றில் வாரத்துக்கு ஒரே நாள்தான் ஓய்வு. அந்த ஒரு நாளும் காரிலேயே கழியாத தூரத்தில் ஆலயம் இருப்பது நல்லது.

நம்மவர் கூடிவாழும் கராமா போன்ற பகுதியில்தான் இருக்க வேண்டுமா என்று கேட்பார்கள். முதல் ஆண்டு அப்படி இருப்பது உதவியே. மகப்பேறு, காய்ச்சல், பள்ளிச் சேர்க்கை என்று வரும்போது பக்கத்து வீட்டு அக்காவின் ஒரு சொல் பெரிய துணை. ஆனால் ஊரில் விட்டுவந்த சீட்டு, சம்பந்தம், யார் எவ்வளவு நகை எடுத்தார்கள் என்ற பேச்சு எல்லாம் அங்கேயும் கூடவே வரும் என்பதையும் அனுபவப்பட்டவர்கள் சொல்கிறார்கள்.

நாம் முதலில் சொன்ன குடும்பம் உடனே இடம் மாறிவிடவில்லை. ஒப்பந்தத்தை இடையில் முறித்தால் இரண்டு மாத வாடகை அபராதம் என்று எழுதியிருந்ததால், அது முடியும்வரை ஐந்து மாதங்கள் அந்தப் பெண் ஊரிலேயே இருந்தார். பிறகு ஜெபல் அலிக்கு அருகே டிஸ்கவரி கார்டன்ஸில் ஒற்றையறை வீடு ஒன்று எடுத்தார்கள். முன்னதைவிடச் சிறியது, வாடகையோ அதிகம். கணவர் மாலை ஆறரைக்கு வீட்டில் இருக்கிறார். மகளை மறைக்கல்விக்கு அவரே அழைத்துச் செல்கிறார்.

ஊரில் அவர்கள் கட்டத் தொடங்கிய வீட்டின் மேல்தளம் தூண்களோடு நிற்கிறது. கம்பிகள் துருப்பிடிக்கத் தொடங்கிவிட்டன. சென்ற மாதம் தொலைபேசியில் அதைச் சொன்னோம். "நிக்கட்டும் ஃபாதர், சாக்கு சுத்தி வைக்கச் சொல்லியிருக்கேன்" என்றார். அதற்குள் மகள் போனைப் பிடுங்கிக்கொண்டாள்.