இல்லத்துப் பிள்ளைக்காக யார் கேட்பது?

எங்கள் நாட்டில் பாடசாலைப் பிள்ளைகளுக்கு அரசாங்கம் ஒன்றுமே செய்வதில்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. 1945இல் சி.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கரா அவர்களின் முயற்சியினால் இலவசக் கல்வி கிடைத்தது. 1980இல் இலவசப் பாடநூல்களும், 1993இல் இலவசச் சீருடைத் துணியும் வந்தன. 1998 ஜனவரி முதல் 5 வயதிலிருந்து 14 வயது வரையான பிள்ளைகள் கட்டாயம் பாடசாலை செல்ல வேண்டும் என்று விதிக்கப்பட்டது. 2016இல் அந்த எல்லை 16 வயதாக உயர்த்தப்பட்டது.

ஆனால், இவற்றுள் ஒரு வேறுபாடு உண்டு. பாடநூலும் சீருடையும் வகுப்பிலுள்ள எல்லாப் பிள்ளைகளுக்கும் வந்து சேரும். காது கேளாத பிள்ளைக்கான கருவி, பார்வை குறைந்த பிள்ளைக்கான பெரிய எழுத்து வினாத்தாள், மெதுவாகக் கற்கும் பிள்ளைக்கான விசேட வகுப்பு ஆகியவை அப்படி வருவதில்லை. அவற்றை யாராவது போய்க் கேட்க வேண்டும். படிவம் நிரப்ப வேண்டும், வரிசையில் நிற்க வேண்டும், கையெழுத்திட வேண்டும். வீட்டிலிருந்து வரும் பிள்ளைக்காக அதைச் செய்பவள் பெரும்பாலும் தாய். சிறுவர் இல்லத்திலிருந்து வரும் பிள்ளைக்காக அதைச் செய்வது யார்?

கிழக்கு மாகாணப் பாடசாலை ஒன்றின் விசேட கல்வி அலகில் பல ஆண்டுகள் கற்பித்து ஓய்வுபெற்றவள் நான். இப்போது மாலை வேளைகளில் அயலிலுள்ள சிறுவர் இல்லமொன்றில் பிள்ளைகளின் வீட்டுவேலைகளுக்கு உதவி வருகிறேன். இரண்டு பக்கத்தையும் பார்த்தவள் என்ற முறையில் சில விடயங்களை உங்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

விசேட தேவையுடைய பிள்ளைகளுக்கு என்ன இருக்கிறது?

இலங்கையில் விசேட கல்விக்கு நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. 1912இல் மேரி சப்மன் அம்மையார் தொடங்கிய பாடசாலையே இன்று இரத்மலானையில் இயங்கும் செவிப்புலன், விழிப்புலன் அற்றோர் பாடசாலையின் ஆரம்பம். வடக்கில் கைதடி நவீல்ட் பாடசாலை தமிழ்ப் பிள்ளைகளுக்கு அத்தகைய சேவையைச் செய்து வருகிறது. இவை அரச உதவி பெறும் விசேட பாடசாலைகள்.

இவற்றைத் தவிர, சாதாரண பாடசாலைகளுக்குள்ளேயே விசேட கல்வி அலகுகள் உள்ளன. அங்கே பயிற்சி பெற்ற ஆசிரியர் ஒருவர் சிறு தொகைப் பிள்ளைகளுக்குக் கற்பிப்பார். பிள்ளை முன்னேறும்போது சாதாரண வகுப்பில் சேர்க்கப்பட வேண்டும் என்பதே நோக்கம். மஹரகமவிலுள்ள தேசிய கல்வி நிறுவகம் இதற்கான ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளிக்கிறது.

பரீட்சைகளிலும் சலுகைகள் உண்டு. புலமைப்பரிசில் பரீட்சைக்கும் க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்கும் தோற்றும் விசேட தேவையுடைய பிள்ளைகளுக்கு மேலதிக நேரம், பிரெயில் அல்லது பெரிய எழுத்து வினாத்தாள், சொல்வதை எழுதித் தரும் ஒருவர் என்பன தேவைக்கேற்ப வழங்கப்படுகின்றன. ஆனால், அதிபர் மூலமாக வைத்திய அறிக்கையுடன் முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். பரீட்சை நாளன்று போய்க் கேட்டால் கிடைக்காது.

சட்டங்களும் இருக்கின்றன. 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், மாற்றுத்திறன் காரணமாக ஒருவருக்கு கல்வி நிறுவனத்தில் அனுமதி மறுப்பதை, பாரபட்சம் எனக் கூறுகிறது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐக்கிய நாடுகள் சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்று உறுதி செய்தது.

பெற்றோரைப் பிரிந்து வாழும் பிள்ளைகள்

இனி, இல்லத்துப் பிள்ளைகளைப் பார்ப்போம். "அநாதைப் பிள்ளைகள்" என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். உண்மையில் எங்கள் நாட்டு இல்லங்களில் வாழும் பிள்ளைகளில் மிகப் பெரும்பாலானோருக்குத் தாயோ தகப்பனோ, சிலருக்கு இருவருமோ உயிரோடு இருக்கிறார்கள். வறுமை, தாய் வெளிநாடு சென்றமை, குடும்பப் பிரிவு, வீட்டில் துன்புறுத்தல் போன்ற காரணங்களால் அவர்கள் இல்லத்துக்கு வருகிறார்கள்.

ஆதரவு தேவைப்படும் பிள்ளையை நீதவான் நீதிமன்றம் தகுதியான ஒருவரின் பொறுப்பில் ஒப்படைக்கலாம் என்று 1939ஆம் ஆண்டின் சிறுவர், இளைஞர் கட்டளைச் சட்டம் கூறுகிறது. தொண்டு நிறுவனங்கள் நடத்தும் இல்லங்கள் மாகாண நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புத் திணைக்களத்தில் பதிவு செய்யப்பட வேண்டும். பதிவு பெற்ற இல்லங்களுக்குப் பிள்ளைக்கு இவ்வளவு என்று ஒரு சிறு கொடுப்பனவும் உண்டு. நன்னடத்தை உத்தியோகத்தர் இல்லங்களை மேற்பார்வை செய்ய வேண்டும். பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமைகள் மேம்பாட்டு உத்தியோகத்தரும் கடமையில் இருக்கிறார்.

1991இல் இலங்கை ஏற்று உறுதி செய்த சிறுவர் உரிமைகள் சமவாயத்தின் 25ஆம் உறுப்புரை, வீட்டுக்கு வெளியே பராமரிக்கப்படும் பிள்ளையின் நிலை காலத்துக்குக் காலம் மீளாய்வு செய்யப்பட வேண்டும் என்கிறது. பிள்ளையை இல்லத்தில் விட்ட பிறகு கோப்பை மூடிவிடக் கூடாது என்பதே இதன் பொருள்.

ஒரே வகுப்பில் இரண்டு சிறுமிகள்

நான் ஓய்வு பெறுவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்னர் எங்கள் பாடசாலையில் தரம் 4க்கு வைத்தியப் பரிசோதனை நடந்தது. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையினர் தரம் 1, 4, 7, 10 பிள்ளைகளைப் பரிசோதிப்பது வழக்கம். அன்று இரண்டு சிறுமிகளுக்குச் செவிப்புலன் குறைபாடு இருக்கலாம் என்று எழுதிக் கொடுத்தார்கள். ஒருத்தி வீட்டிலிருந்து வருபவள். மற்றவள் இல்லத்திலிருந்து வருபவள். இருவரும் ஒரே வாங்கில் இருப்பவர்கள்.

முதற் பிள்ளையின் தாய் மறுநாள் காலையிலேயே துண்டுடன் வந்துவிட்டார். "எந்தக் கந்தோருக்குப் போகணும் எண்டு மட்டும் சொல்லுங்க டீச்சர், நான் போறன்" என்றார். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வைத்தியசாலைக்குப் போனார். பரிசோதனைக்கு இன்னொரு திகதி கொடுத்தார்கள். அதற்கும் போனார். அறிக்கையை எடுத்துக்கொண்டு பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரைச் சந்தித்தார். படிவம், பிறப்புச் சான்றிதழ், கிராம உத்தியோகத்தரின் கடிதம் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்துக் கொடுத்தார். அடுத்த ஆண்டு முதலாம் தவணைக்குள் மகளின் காதில் கருவி இருந்தது.

மற்றப் பிள்ளையின் துண்டும் அவளுடைய புத்தகப் பையில் இல்லத்துக்குப் போனது. இல்லத்தில் அதைக் கோப்பில் வைத்தார்கள். நாற்பது பிள்ளைகளுக்கு மூன்று பராமரிப்பாளர்கள். ஒருவர் வைத்தியசாலைக்குப் போனால் சமையலுக்கு ஆளில்லை. இல்லப் பொறுப்பாளர், நன்னடத்தை உத்தியோகத்தருக்கு அறிவித்த பிறகுதான் செய்யலாம் என்றார். உத்தியோகத்தருக்கோ பல பிரதேசங்கள் பொறுப்பு. பிள்ளை வேறு மாவட்டத்திலிருந்து வந்தவள் என்பதால் பிறப்புச் சான்றிதழின் மூலப்பிரதி இல்லத்தில் இருக்கவில்லை. நான் இரண்டு முறை இல்லத்துக்குப் போய் நினைவூட்டினேன். ஆனால், நான் ஆசிரியை, பாதுகாவலர் அல்ல. எனது கையெழுத்து அந்தப் படிவத்தில் செல்லாது.

இதற்கிடையில் அவளுடைய முன்னேற்ற அறிக்கையில் "கவனமில்லை" என்று எழுதப்பட்டது. அடுத்த தவணையிலும் அதுவே. வைத்திய அறிக்கை கையில் இல்லாததால் எந்தச் சலுகையும் இன்றியே அவள் புலமைப்பரிசில் பரீட்சை எழுதினாள். தரம் 6க்கு வந்த பிறகு, பிரதேச செயலகத்துக்குப் புதிதாக நியமனம் பெற்று வந்த இளம் பெண் உத்தியோகத்தர் ஒருவர் அந்தக் கோப்பைக் கையில் எடுத்தார். "இந்தப் பிள்ளையின் வேலையை நான் பார்க்கிறேன்" என்று இல்லத்தில் சொன்னார். சொன்னபடியே செய்தார். நான்கு மாதத்தில் கருவி வந்தது.

கருவி போட்ட முதல் வாரம் அவள் என்னிடம் வந்து, "டீச்சர், இந்தக் காத்தாடி எப்பவும் இப்பிடித்தான் சத்தம் போடுமா?" என்று கேட்டாள். இரண்டு ஆண்டுகளாக அவளுடைய தலைக்கு மேலேதான் அந்த மின்விசிறி சுழன்றுகொண்டிருந்தது.

சட்டம் இரு பிள்ளைகளுக்கும் ஒன்று. வைத்தியசாலையும் பிரதேச செயலகமும் ஒன்று. வித்தியாசம் இவ்வளவுதான்: ஒருத்திக்காக ஒருவர் விடாமல் கேட்டார். மற்றவளுக்காகக் கேட்க வேண்டியவர்கள் மூவர் இருந்தனர். ஒருவர் மற்றவர் செய்வார் என்று இருந்துவிட்டனர்.

கருவி வந்ததோடும் விடயம் முடிவதில்லை. அதன் மின்கலம் சில நாட்களிலேயே தீர்ந்துவிடும். பிள்ளை வளர வளரக் காதுக்குள் பொருத்தும் அச்சையும் மாற்ற வேண்டும். எனவே, கேட்பவர் ஒரு நாளைக்கு மட்டுமன்றி, ஆண்டுக்கணக்கில் தேவைப்படுகிறார்.

இங்கிலாந்து செய்த ஏற்பாடு

இந்தச் சிக்கல் எங்கள் நாட்டுக்கு மட்டும் உரியதல்ல. இங்கிலாந்திலும் அரச பராமரிப்பில் வளரும் பிள்ளைகள் படிப்பில் மிகவும் பின்தங்குவதைக் கண்டார்கள். 2008ஆம் ஆண்டுச் சட்டமொன்றின் மூலம், அரச நிதியில் இயங்கும் பாடசாலைகள் இத்தகைய பிள்ளைகளுக்குப் பொறுப்பாக ஓர் ஆசிரியரைப் பெயர் குறித்து நியமிக்க வேண்டும் என்று விதித்தார்கள். பராமரிப்பிலுள்ள ஒவ்வொரு பிள்ளைக்கும் தனியான கல்வித் திட்டம் எழுதப்படுகிறது. 2014ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, ஒவ்வோர் உள்ளூராட்சி அதிகார சபையும் தன் பொறுப்பிலுள்ள பிள்ளைகள் அனைவரின் படிப்பையும் கவனிக்க ஓர் அதிகாரியை வைத்திருக்க வேண்டும். அப்பிள்ளைகள் வெவ்வேறு பாடசாலைகளில் படித்தாலும், அவர்களை ஒரே பாடசாலையின் பிள்ளைகளைப் போல் கருதி அவர் கவனிப்பார்.

அந்த நாட்டின் பணவசதி எங்களிடம் இல்லைதான். ஆனால், "இந்தப் பிள்ளைக்கு இவர் பொறுப்பு" என்று ஒரு பெயரை எழுதிவைப்பதற்குப் பெரும் செலவு ஏற்படாது.

எங்களிடமும் முன்மாதிரி இல்லாமலில்லை. 2004 சுனாமியில் பெற்றோரை இழந்த பிள்ளைகளில் பெரும்பாலானோரை உறவினர்களே பொறுப்பேற்றார்கள். அந்த வளர்ப்புப் பராமரிப்பை ஒழுங்குபடுத்த 2005இல் 16ஆம் இலக்கச் சட்டம் கொண்டுவரப்பட்டது. அம்மம்மாவும் பெரியம்மாவும் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு கந்தோர் கந்தோராக ஏறி இறங்கியதை நாங்கள் கண்ணால் கண்டோம். 2019இல் வெளிவந்த மாற்றுப் பராமரிப்புக்கான தேசியக் கொள்கையும், குடும்பச் சூழலே முதலில், இல்லம் கடைசி வழி என்றே சொல்கிறது.

எங்கே, எதைக் கேட்பது?

உங்களுடைய பிள்ளைக்கோ, உறவினர் பிள்ளைக்கோ, அயலிலுள்ள இல்லத்துப் பிள்ளைக்கோ இவை பயன்படலாம்.

* எல்லாவற்றுக்கும் முதலில் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். பிறப்புப் பதியப்படாவிட்டால் காலம் தாழ்த்திய பதிவு, அல்லது உத்தேச வயதுச் சான்றிதழ் பற்றிப் பிரதேச செயலகத்தில் கேளுங்கள்.

* பாடசாலை வைத்தியப் பரிசோதனையில் துண்டு எழுதிக் கொடுத்தால் அதைப் பிரதி எடுத்து வையுங்கள். ஒரு பிரதி வகுப்பாசிரியரிடம் இருக்கட்டும்.

* விசேட கல்வி அலகு பற்றி முதலில் அதிபரிடம் கேளுங்கள். அந்தப் பாடசாலையில் இல்லையென்றால் வலயக் கல்விப் பணிமனையில் விசேட கல்விக்குப் பொறுப்பானவரைச் சந்தியுங்கள்.

* செவிப்புலன் கருவி, சக்கர நாற்காலி, மாதாந்தக் கொடுப்பனவு ஆகியவற்றுக்குப் பிரதேச செயலகத்திலுள்ள சமூக சேவை உத்தியோகத்தரிடம் விசாரியுங்கள்.

* பரீட்சைச் சலுகை தேவைப்படும் பிள்ளையின் வைத்திய அறிக்கையை, பரீட்சைக்குரிய ஆண்டு தொடங்கும்போதே அதிபரிடம் கொடுத்துவிடுங்கள்.

* பிள்ளை எங்கேனும் துன்புறுத்தப்படுவதாக அறிந்தால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். கட்டணம் இல்லை, தமிழிலும் பேசலாம்.

சாப்பாட்டுப் பார்சலோடு ஒரு காலைப்பொழுதும்

எங்கள் மக்கள் இரக்கமற்றவர்கள் அல்லர். பிறந்தநாளுக்கும் ஆண்டுத் திவசத்துக்கும் இல்லங்களுக்குச் சாப்பாடு கொடுக்கிறோம். நான் போகும் இல்லத்தில் சில மாதங்களில் மதியச் சாப்பாட்டு நாட்கள் முழுவதும் முன்பதிவாகிவிடும். சில நாட்களில் இரண்டு வீட்டாரின் பிரியாணி ஒன்றாக வந்து மிஞ்சியும் போகும். ஆனால், "இந்தப் பிள்ளையின் வைத்தியசாலைத் திகதிக்கு நான் கூடப் போகிறேன்" என்று கேட்டு வருபவர்கள் மிகச் சிலரே.

இதை யாரும் தன்னிச்சையாகச் செய்ய முடியாது. பிள்ளையின் பாதுகாப்புக் கருதி, இல்லப் பொறுப்பாளரின் அனுமதியும் நன்னடத்தை உத்தியோகத்தரின் சம்மதமும் கட்டாயம் வேண்டும். பராமரிப்பாளர் ஒருவரும் கூட வரவேண்டும். அந்த ஒழுங்குக்கு நாம் கட்டுப்பட்டே ஆக வேண்டும். அதன் பிறகு நாம் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது.

இல்லமொன்றின் நிர்வாக சபையில் இருக்கும் சகோதரிகளே, அடுத்த கூட்டத்தில் ஒவ்வொரு பிள்ளையின் பெயருக்கு எதிரேயும் பொறுப்பான ஒருவரின் பெயரை எழுதச் சொல்லுங்கள். ஆசிரியைகளே, "கவனமில்லை" என்று எழுதுவதற்கு முன்னர் கண்ணையும் காதையும் ஒரு முறை பரிசோதிக்க அனுப்புங்கள். சாப்பாடு கொடுக்கப் போகும் தாய்மாரே, பரிமாறி முடிந்ததும் பொறுப்பாளரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "இந்த மாதம் வைத்தியசாலைக்கோ கந்தோருக்கோ போக வேண்டிய பிள்ளைகள் யாராவது இருக்கிறார்களா?"

பெரும்பாலும் ஒரு பிள்ளையாவது இருக்கும்.