வயதைக் கேட்கும் விளையாட்டுகள்: பெற்றோர் அறிய வேண்டியவை

"பிறந்த ஆண்டு என்ன?" என்று செயலி கேட்கிறது. பத்து வயதுச் சிறுவன் 2000 என்று தட்டுகிறான். கதவு திறந்துவிடுகிறது. இணைய விளையாட்டுகளில் பல காலமாக இருந்த வயதுச் சோதனை இவ்வளவுதான்.

ஆபத்து பெரும்பாலும் ஆட்டத்தில் இல்லை, அரட்டையில் இருக்கிறது. சிறுவனைப் போலப் பேசிப் பழகும் பெரியவரைக் குழந்தையால் அடையாளம் காண முடியாது. முதலில் பாராட்டுவார், பிறகு விளையாட்டு நாணயங்களைப் பரிசளிப்பார், அதன்பின் "வேறு செயலியில் பேசலாம் வா" என்று அழைப்பார்.

இதைத் தடுக்க, ரோப்லாக்ஸ் நிறுவனம் 2026 ஜனவரியில் அரட்டைக்கு வயதுச் சோதனையை உலகெங்கும் கட்டாயமாக்கியது. கேமராவில் முகத்தைக் காட்டினால் மென்பொருள் வயதைக் கணித்து, ஆறு வயதுப் பிரிவுகளில் ஒன்றில் சேர்க்கும். 9 வயதுக்குக் குறைந்தவர்களுக்குப் பெற்றோர் அனுமதித்தால்தான் அரட்டை. சோதனை முடிந்ததும் படம் அழிக்கப்படும் என்கிறது நிறுவனம். ஆனால் கணிப்பு தவறலாம். தம்பிக்காக அண்ணன் முகம் காட்டலாம்.

மறுபக்கமும் உண்டு. 2025 செப்டம்பரில், டிஸ்கார்ட் தளத்துக்கு வாடிக்கையாளர் சேவை செய்த வெளி நிறுவனத்தின் வழியே தகவல்கள் திருடப்பட்டன. வயதை நிரூபிக்கப் பயனர்கள் அனுப்பிய அரசு அடையாள அட்டைப் படங்கள், சுமார் 70,000 பேருடையவை, வெளியாகியிருக்கலாம் என அந்நிறுவனமே ஒப்புக்கொண்டது. கடவுச்சொல் களவுபோனால் மாற்றிக்கொள்ளலாம். முகத்தை மாற்ற முடியுமா?

இந்தியாவின் 2023ஆம் ஆண்டு தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாதவர்களைக் குழந்தைகள் என்கிறது. அவர்களின் தகவலைப் பயன்படுத்த, சரிபார்க்கத்தக்க பெற்றோர் ஒப்புதல் தேவை. மீறினால் 200 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். இதற்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. நிறுவனங்களுக்கு 18 மாத அவகாசம் தரப்பட்டுள்ளது.

அதுவரை நாம் செய்யக்கூடியவை:

• கணக்குத் தொடங்கும்போது பிள்ளையின் வயதைக் கூட்டிப் போடாதீர்கள். அது அவனைப் பெரியவர்கள் நடுவே கொண்டுபோய் விடும்.

• வேறு வழி இருக்கும்போது ஆதார் படத்தை அனுப்பாதீர்கள்.

• பெற்றோர் கட்டுப்பாட்டில் அரட்டையையும் பணம் செலுத்துவதையும் நீங்களே அமையுங்கள்.

• எல்லோரும் இருக்கும் கூடத்தில் விளையாடச் சொல்லுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, "யாராவது தவறாகப் பேசினால் சொல், போனைப் பிடுங்க மாட்டேன்" என்று வாக்குக் கொடுங்கள், அதைக் காப்பாற்றுங்கள். போன் போய்விடுமே என்ற பயத்தில்தான் பல பிள்ளைகள் நம்மிடம் மறைக்கிறார்கள்.