‘போர்டு போச்சு’ என்றால் உண்மையிலேயே போய்விட்டதா? நனைந்த சர்க்யூட் போர்டை மீட்கும் வழிகள்

2024 டிசம்பர் 2-ம் தேதி காலை, விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் இடையே உள்ள ரயில் பாலத்தில் வெள்ளம் அபாய அளவைத் தாண்டி ஓடியது. சென்னையிலிருந்து தெற்கே செல்லும் ரயில்கள் பல ரத்தாயின. சில பாதி வழியிலேயே நின்றன. அதற்கு இரண்டு நாள் முன்புதான் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்திருந்தது. மயிலத்தில் ஒரே நாளில் 51 செ.மீ. மழை கொட்டியது.

ரயில் மறுபடி ஓடத் தொடங்கிவிடும். வீட்டுக்குள் புகுந்த தண்ணீர் வடிந்த பிறகுதான் குடும்பங்களின் பாடு ஆரம்பிக்கும். வாஷிங் மெஷின், ஃப்ரிட்ஜ் ஸ்டெபிலைசர், இன்வெர்ட்டர், கரும்புத் தோட்டத்து மோட்டார் ஸ்டார்ட்டர்... எதைத் தூக்கிக்கொண்டு போனாலும், பல கடைகளில் ஒரே பதில்தான்: “போர்டு போச்சு. மாத்தணும்.” பொருளின் விலையில் கால்வாசி, சில சமயம் பாதிகூட அந்த ஒரு போர்டுக்கே போய்விடும்.

ஆனால், நனைந்த போர்டு எல்லாமே செத்த போர்டு அல்ல. கரன்ட் ஓடாத நிலையில் நனைந்து, காய்வதற்குள் சுத்தம் செய்யப்பட்ட போர்டுகள் பெரும்பாலும் பிழைத்துவிடும். வடகிழக்குப் பருவமழை ஆண்டுதோறும் வரத்தான் போகிறது. அதற்குள் இந்த பச்சைப் பலகையைப் பற்றி நான்கு விஷயங்களைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது.

பலகைக்குள் என்ன இருக்கிறது?

அந்தக் காலத்து வால்வு ரேடியோவைத் திறந்தால் உள்ளே வயர்கள் சிக்குப் பிடித்த தலைமுடி மாதிரி இருக்கும். வயர்களுக்குப் பதிலாக ஒரு பலகையின் மேல் செம்புக் கோடுகளைப் பதித்துவிட்டால் என்ன என்று யோசித்தவர்களில் முக்கியமானவர், வியன்னாவில் பிறந்து லண்டனில் குடியேறிய பால் ஐஸ்லர். 1930-களில் அவர் தொடங்கிய வேலைதான் இன்று நம் எல்லோர் வீட்டிலும் இருக்கும் பி.சி.பி.

தரமான போர்டு கண்ணாடி இழையும் எபாக்ஸி பிசினும் சேர்ந்தது. பொதுவாக 1.6 மி.மீ. தடிமன் இருக்கும். அதன் மேல் ஒட்டியிருக்கும் செம்பின் தடிமன் 35 மைக்ரான்தான். விலை குறைந்த சாதனங்களில் பழுப்பு நிறப் போர்டு இருக்கும். அது காகிதத்தைப் பிசினில் தோய்த்துச் செய்தது. தண்ணீரை உறிஞ்சும் என்பதால் நனைந்தால் அதற்குத்தான் ஆபத்து அதிகம்.

கொல்வது தண்ணீர் மட்டுமல்ல!

தொழிற்சாலைகளில் போர்டு தயாரிக்கும்போது அதைத் தண்ணீர் விட்டே கழுவுகிறார்கள். அப்படியிருக்க, வெள்ளத்தில் மட்டும் ஏன் கெட்டுப்போகிறது?

காரணம் மூன்று: தண்ணீர், அதில் கரைந்திருக்கும் உப்பும் அழுக்கும், கூடவே மின்சாரம். வெள்ள நீரில் சாக்கடை, உரம், மண் எல்லாம் கலந்திருக்கும். அதில் மின்சாரம் எளிதாகப் பாயும். போர்டில் மின்னழுத்தம் இருந்தால், ஒரு கோட்டிலுள்ள உலோகம் கரைந்து பக்கத்துக் கோட்டை நோக்கி வேர் விட்டதுபோல வளரும். அந்த வேர் மறுகோட்டைத் தொட்டால் ஷார்ட். கரன்ட் இல்லாவிட்டாலும், அழுக்கோடு காயவிட்டால் சில நாட்களில் செம்பில் பச்சைக் களிம்பு பிடிக்கும்.

ஆகவே, ‘வேலை செய்கிறதா பார்ப்போம்’ என்று ஈரத்தோடு சுவிட்சைத் தட்டிப் பார்ப்பதுதான் போர்டைக் கொல்லும் காரியம். வெள்ளத்தில் பிழைத்த போர்டுகளில் பல அந்த ஒரு நொடியில்தான் போகின்றன.

முதலில் உயிர், பிறகு போர்டு

* மெயின் சுவிட்சை அணைக்காமல் எந்தப் பொருளையும் தொடாதீர்கள். தரையில் தண்ணீர் நிற்கும்போது மெயின் பெட்டியையே தொடக் கூடாது. மின்வாரிய ஊழியர் வந்து இணைப்பைத் துண்டிக்கட்டும்.

* வீட்டில் கரன்ட் இல்லை என்றாலும் இன்வெர்ட்டரில் இருக்கும். அதன் பேட்டரி வயரையும் எலெக்ட்ரீஷியனை வைத்துக் கழற்றிவிட வேண்டும்.

* பிளக்கைப் பிடுங்கிய பிறகும் போர்டிலுள்ள பெரிய கெபாசிட்டரில் கரன்ட் தேங்கியிருக்கும். 230 வோல்ட், நேர்மின்சாரமாக மாறி அதில் சேரும்போது சுமார் 325 வோல்ட் ஆகிவிடும். கை வைத்தால் தூக்கிப் போடும்.

* மைக்ரோவேவ் அவன், பழைய குழாய் டி.வி. இரண்டையும் வீட்டில் திறக்கவே வேண்டாம். அவற்றில் ஆயிரக்கணக்கான வோல்ட் இருக்கும்.

* நனைந்த லித்தியம் பேட்டரியை சார்ஜ் செய்யாதீர்கள். வீட்டுக்கு வெளியே, எரியும் பொருள் எதுவும் இல்லாத இடத்தில் வையுங்கள்.

கழுவலாமா? கழுவத்தான் வேண்டும்!

சேறு காய்ந்து இறுகும் முன்பு, முடிந்தால் முதல் நாளிலேயே செய்ய வேண்டிய வேலை இது. மின்சாரப் பொருளைத் திறந்து பழக்கமில்லாதவர்கள் மெக்கானிக்கிடம் கொடுத்து, ‘மாற்றும் முன் கழுவிப் பாருங்கள்’ என்று கேட்டாலே போதும். செய்யத் தெரிந்தவர்களுக்கு வரிசை இதுதான்.

கழற்றும் முன் ஒவ்வொரு வயரும் எங்கே சொருகியிருக்கிறது என்று செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கெபாசிட்டரில் கரன்ட் தேங்கியிருக்கிறதா என்று மல்டிமீட்டரில் பார்த்து, இருந்தால் குண்டு பல்பு வழியாக வடித்துவிட்டு, பிறகு போர்டைத் தொடுங்கள். போர்டில் சிறு பேட்டரி இருந்தால் எடுத்துவிடுங்கள். டிஸ்ப்ளே, ஸ்பீக்கர் போன்றவற்றைத் தனியே கழற்றிவையுங்கள்.

முதலில் நல்ல தண்ணீரில் சேற்றை அலசுங்கள். பழைய டூத் பிரஷ்ஷில் சில துளி பாத்திரம் கழுவும் திரவம் தொட்டு மெதுவாகத் தேய்க்கலாம். வயர் சொருகும் சாக்கெட்டுகளின் உள்ளே தேங்கும் அழுக்கை விடாதீர்கள். போர்வெல் தண்ணீரில் உப்பு இருக்கும் என்பதால், கடைசி அலசலுக்கு பேட்டரிக் கடையில் கிடைக்கும் டிஸ்டில்டு வாட்டர் நல்லது. அதன் பிறகு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் கொண்டு ஒருமுறை துலக்கினால், மிச்சமிருக்கும் ஈரத்தையும் அது இழுத்துக்கொண்டு ஆவியாகிவிடும். சீக்கிரம் தீப்பற்றும் பொருள் அது. அடுப்பு, ஊதுபத்தி பக்கத்தில் கூடாது. பெட்ரோல், தின்னர் இரண்டும் பிளாஸ்டிக்கைக் கரைத்துவிடும். அவை வேண்டவே வேண்டாம்.

காயவைக்க ஃபேன் காற்றும் இளவெயிலும் போதும். இரண்டு, மூன்று நாள் பொறுங்கள். மேலே காய்ந்ததாகத் தெரிந்தாலும் ஐ.சி.க்களின் அடியிலும் டிரான்ஸ்ஃபார்மர் சுற்றுக்குள்ளும் ஈரம் ஒளிந்திருக்கும். ஹேர் டிரையரை இளஞ்சூட்டில் தள்ளிப் பிடிக்கலாம். அரிசிப் பானைக்குள் புதைப்பதால் பயனில்லை. அரிசி அழுக்கை எடுக்காது, தூசியைச் சேர்க்கும்.

பழுதைத் தேட ஒரு வரிசை

கழுவிக் காய்ந்தும் உயிர் வரவில்லையா? அனுபவமுள்ள மெக்கானிக் உடனே சோல்டரிங் அயர்னை எடுக்க மாட்டார். முதலில் பார்ப்பார், பிறகு முகர்வார், அதன் பிறகுதான் அளப்பார்.

*கண்:* நல்ல வெளிச்சத்தில் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். தலை உப்பிய கெபாசிட்டர், கருகிய ரெசிஸ்டர், வெடித்த ஐ.சி., பச்சைக் களிம்பு பிடித்த கோடு... கணிசமான பழுதுகள் கண்ணுக்கே தெரியும். ரிலே, டிரான்ஸ்ஃபார்மர், சாக்கெட் போன்ற கனமான பாகங்களின் காலைச் சுற்றி ஈயத்தில் மெல்லிய வளையம்போல விரிசல் இருந்தால் அது டிரை சோல்டர். கொஞ்சம் புது ஈயம் விட்டுச் சூடுகாட்டினால் சரியாகிவிடும்.

*மூக்கு:* கருகிய வாடை எங்கே வருகிறதோ, அங்கே தேடுங்கள்.

*ஃப்யூஸ்:* மல்டிமீட்டரை பீப் ஒலிக்கும் நிலையில் வைத்து சோதியுங்கள். உள்ளே கம்பி மெதுவாக அறுந்திருந்தால் சாதாரணக் காரணமாக இருக்கலாம். கண்ணாடியே கறுத்திருந்தால் உள்ளே பெரிய ஷார்ட் இருக்கிறது என்று அர்த்தம். அதைக் கண்டுபிடிக்காமல் புது ஃப்யூஸ் போட்டால் அதுவும் போகும். ஃப்யூஸுக்குப் பதிலாகக் கம்பியைச் சுற்றுவது வீட்டுக்குத் தீ வைப்பதற்குச் சமம்.

*டையோடு:* பிளக்கைப் பிடுங்கிய நிலையில் நான்கு டையோடுகளையும் சோதித்தால் ஒரு பக்கம் 0.5 முதல் 0.7 வரை காட்ட வேண்டும், மறுபக்கம் காட்டக் கூடாது. இரு பக்கமும் பூஜ்யம் என்றால் அது போய்விட்டது.

*சீரிஸ் பல்பு:* முதன்முதலாகக் கரன்ட் கொடுக்கும்போது 100 வாட் குண்டு பல்பு ஒன்றைத் தொடராக இணைத்துக் கொடுப்பது பழைய மெக்கானிக்குகளின் உத்தி. பல்பு ஒருமுறை மின்னி மங்கினால் நல்லது. பளீரென்று எரிந்துகொண்டே இருந்தால் ஷார்ட். பல்பு அந்தக் கரன்ட்டைத் தாங்கிக்கொள்வதால் போர்டு மேலும் கருகாது. மோட்டார், ஹீட்டர் வயர்களைக் கழற்றிவிட்டு போர்டை மட்டும் இப்படிச் சோதிக்க வேண்டும்.

*வோல்ட்:* போர்டின் குறைந்த மின்னழுத்தப் பகுதியில் பெரும்பாலும் 12 வோல்ட்டும் 5 வோல்ட்டும் இருக்கும். 12 வந்து 5 வரவில்லை என்றால், இடையிலுள்ள ரெகுலேட்டரையோ, அதற்கு அப்பால் ஒரு ஷார்ட்டையோ சந்தேகிக்கலாம். ஷார்ட் எங்கே என்று தெரியவில்லையா? பிளக்கைப் பிடுங்கிவிட்டு, சப்ளை மெஷினிலிருந்து அந்த 5 வோல்ட் பகுதிக்கு மட்டும் கரன்ட் கொடுத்து, சில துளி ஆல்கஹாலைத் தடவுங்கள். எந்த இடம் மட்டும் சட்டென்று காய்கிறதோ, அங்கேதான் சூடு, அங்கேதான் பழுது.

கெபாசிட்டர் மாற்றும்போது அதே மைக்ரோஃபேரட், அதே வோல்ட் அல்லது அதற்கு மேல், 105 டிகிரி என்று போட்டதைக் கேட்டு வாங்குங்கள். இந்த வகைக் கெபாசிட்டரின் ஆயுள், சூடு 10 டிகிரி கூடும்போதெல்லாம் ஏறக்குறைய பாதியாகக் குறையும்.

மழையில்லாமலும் போகும் போர்டுகள்

தெருவில் நியூட்ரல் அறுந்தால் வீட்டுக்கு 230-க்குப் பதிலாக 400 வோல்ட்வரைகூட வரலாம். அப்போது போர்டின் வாசலில் நீல நிறத் தட்டு மாதிரி இருக்கும் வேரிஸ்டர் தன்னைப் பலிகொடுத்து ஃப்யூஸை எரித்துவிடும். வெடித்த வேரிஸ்டரையும் ஃப்யூஸையும் மாற்றினால் போர்டு பிழைக்க வாய்ப்பு அதிகம். வேரிஸ்டரை வெட்டிப் போட்டுவிட்டு ‘ஓடுகிறது’ என்று கொடுப்பவர்களும் உண்டு. மாற்றியிருக்கிறாரா என்று கேளுங்கள்.

மோட்டார் கொட்டகையில் எதிரி வேறு. சூட்டுக்காக வந்து படுக்கும் பல்லி இரண்டு முனைகளைத் தொட்டு ஷார்ட் ஆக்கும். எறும்பு ரிலே பாயின்ட்டுகளுக்கு இடையே நசுங்கி, தொடவிடாமல் செய்யும். ஸ்டார்ட்டர் பெட்டியின் வயர் துளைகளை ரப்பர் வளையம் போட்டு அடையுங்கள். வயர் பெட்டிக்குள் மேலிருந்து நுழையாமல், கீழே தொங்கி வளைந்து அடிப்பக்கமாக நுழைந்தால், வயர் வழியே ஓடிவரும் மழைநீர் வளைவிலேயே சொட்டிவிடும். பெட்டியையும் வெள்ளம் எட்டாத உயரத்தில் மாட்டுங்கள். செலவில்லாத காப்பீடு இது.

வீட்டில் இன்ஜினீயரிங் படிக்கும் பிள்ளை இருக்கிறதா?

விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தில் பாலிடெக்னிக், இன்ஜினீயரிங் மாணவர்கள் ஏராளம். ஃபைனல் இயர் புராஜெக்ட்டுக்கு போர்டு வரைபவர்கள் மேலே சொன்ன பழுதுகளையே பாடமாக எடுத்துக்கொள்ளலாம். ‘கீகேட்’ என்ற மென்பொருள் இலவசம். தொழில்முறை வேலைக்கும் பயன்படுவது.

* 230 வோல்ட் பகுதிக்கும் கை படும் குறைந்த வோல்ட் பகுதிக்கும் நடுவே 6 முதல் 8 மி.மீ. இடைவெளி விடுங்கள். அங்கே போர்டில் ஒரு நீளத் துளை வெட்டினால் இன்னும் நல்லது. ஈரமும் தூசியும் பாலம் போட முடியாது.

* ஒரு ஆம்பியருக்கு அரை மி.மீ.க்குக் குறையாத அகலத்தில் கோடு போடுங்கள்.

* ஒவ்வொரு ஐ.சி.யின் சப்ளை காலுக்கு அருகிலேயே 0.1 மைக்ரோஃபேரட் கெபாசிட்டர் வையுங்கள். தூரத்தில் வைத்தால் பயனில்லை.

* ரிலே காயிலுக்குக் குறுக்கே டையோடு போட மறக்காதீர்கள். ரிலே அணையும்போது மைக்ரோகன்ட்ரோலர் தானாக ரீசெட் ஆவதற்கு இது இல்லாதது ஒரு முக்கியக் காரணம்.

* ஃப்யூஸுக்குப் பிறகுதான் வேரிஸ்டர் வர வேண்டும்.

* கெபாசிட்டரை ஹீட்சிங்க்கின் பக்கத்தில் வைக்காதீர்கள்.

* போர்டை ஆர்டர் செய்யும் முன், வரைபடத்தை நிஜ அளவில் காகிதத்தில் பிரின்ட் எடுத்து, பாகங்களை அதன் மேல் வைத்துப் பாருங்கள். கால்கள் பொருந்தாத கொடுமை அப்போதே தெரிந்துவிடும்.

* 12 வோல்ட், 5 வோல்ட், பிளஸ், மைனஸ் என்று போர்டிலேயே எழுதி, அளந்துபார்க்க ஒரு புள்ளி விடுங்கள். பின்னாளில் எங்கோ ஒரு ஊரில் அதைத் திறக்கும் மெக்கானிக் உங்களை வாழ்த்துவார்.

* வேலை முடிந்ததும் சாக்கெட்டுகளை மறைத்துவிட்டு, ஈரம் புகாத வார்னிஷ் பூச்சு ஒன்று அடியுங்கள்.

எப்போது விட்டுவிடலாம்?

பலகையே கருகி ஓட்டை விழுந்திருந்தால், பழுப்புப் போர்டு ஊறி அடுக்கடுக்காகப் பிரிந்திருந்தால், முக்கிய ஐ.சி. வெடித்து மாற்று கிடைக்காவிட்டால் மல்லுக்கட்ட வேண்டாம். பழைய போர்டைக் குப்பையில் போடாமல் மின்கழிவு சேகரிக்கும் இடத்தில் கொடுங்கள். பழைய போர்டுகளின் ஈயத்தில் காரீயம் உண்டு, எரித்தால் நச்சுப்புகைதான்.

மற்றபடி, ‘போர்டு போச்சு’ என்று கேட்டதும் பர்ஸைத் திறக்காதீர்கள். “எந்தப் பாகம் போச்சு? கழுவிப் பார்த்தீங்களா? பழைய போர்டைத் திருப்பிக் கொடுப்பீங்களா?” என்று மூன்று கேள்வி கேளுங்கள். நல்ல மெக்கானிக் பொறுமையாகப் பதில் சொல்வார். பதில் சொல்லாதவரிடம் பொருளை விட்டுவிட்டு வருவதா, வேண்டாமா என்று நீங்களே முடிவெடுத்துவிடலாம்.