காரைத் தாழ்த்தும் ஸ்பிரிங்: வாங்குமுன் கேட்க வேண்டிய கேள்வி

பெங்களூர் ஜே.சி. ரோட்டில் உள்ள மோட்டார் உதிரி பாகக் கடைகளுக்கு வரும் இளைஞர்களில் சிலர் விரும்பிக் கேட்கும் சாமான் ஒன்று உண்டு. அதன் பெயர் 'லோயரிங் ஸ்பிரிங்'. கம்பெனி கொடுத்த காயில் ஸ்பிரிங்குகளைக் கழற்றிவிட்டு, உயரம் குறைந்ததும் விறைப்பு கூடியதுமான இந்த ஸ்பிரிங்குகளை நான்கு சக்கரங்களிலும் மாட்டினால், கார் தரையை ஒட்டித் தாழ்ந்து நிற்கும். பார்ப்பதற்குப் பந்தயக் கார் போலவே இருக்கும்.

ஸ்விஃப்ட், 2022-ல் இந்தியத் தயாரிப்பு நின்றுபோன போலோ போன்ற சிறிய கார்களை வைத்திருப்பவர்களுக்கே இந்த ஆசை அதிகம். வார நாட்களில் ஆபீசுக்குப் போய்வரும் அதே கார், விடுமுறை நாளில் சென்னை ரோட்டில் சுமார் 300 கிலோமீட்டர் ஓடி, ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் 1990-ல் திறக்கப்பட்ட பந்தயத் தளத்திலும் சுற்றிவர வேண்டும் என்பது அவர்கள் விருப்பம். இரண்டு வேலைக்கும் ஒரே கார், ஒரே ஸ்பிரிங். சிக்கல் இங்கேதான் ஆரம்பமாகிறது.

கடைக்கு வருபவர்கள் பெரும்பாலும் கேட்பது, "எத்தனை மில்லிமீட்டர் இறங்கும்?" என்றுதான். அதைவிட முக்கியமாகக் கேட்க வேண்டியது, "இறங்கிய பிறகு ஸ்பிரிங் அமுங்க எவ்வளவு இடம் மிச்சமிருக்கும்?" என்பது.

பாதி இடம், நான்கு மடங்கு விறைப்பு

சக்கரம் ஒரு மேட்டில் ஏறும்போது ஸ்பிரிங் அமுங்கி அந்த அதிர்ச்சியை விழுங்குகிறது. ஓர் அளவுக்கு மேல் அமுங்கினால் 'பம்ப் ஸ்டாப்' என்னும் ரப்பர் கட்டையில் முட்டும். சாதாரண நிலையிலிருந்து அந்த ரப்பர் வரை 80 மில்லிமீட்டர் இடம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். காரை 40 மில்லிமீட்டர் தாழ்த்தினால் மிச்சம் 40 தான்.

ஸ்பிரிங் விழுங்கும் ஆற்றல், அது அமுங்கும் தூரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆகவே, பாதி இடத்தில் அதே அதிர்ச்சியை ஸ்பிரிங் மட்டுமே தாங்க வேண்டுமானால், அதன் விறைப்பு நான்கு மடங்காக வேண்டும். 20 மில்லிமீட்டர் தாழ்த்தினாலும் விறைப்பு ஒன்றே முக்கால் மடங்காக வேண்டும். கடையில் கிடைக்கும் ஸ்பிரிங்கில் அத்தனை விறைப்பு இருப்பதில்லை. இருந்தால், பின் சீட்டில் உட்காருபவரின் முதுகு தாங்காது. குறைகிற பங்கை ரப்பர்தான் சுமக்கிறது. பாதி வளைவில் அந்த ரப்பர் முட்டினால், சக்கரத்தின் பிடிப்பு சட்டென்று குறைந்து கார் வழுக்கக்கூடும்.

தெருவின் கணக்கு

வேகத்தடைக்கு இந்திய ரோடு காங்கிரஸ் வகுத்த அளவு 10 சென்டிமீட்டர் உயரம், 3.7 மீட்டர் அகலம். அந்த அளவில் கட்டினால் சக்கரங்களும் மேட்டின் மேலேயே இருப்பதால், கார் மெதுவாக ஏறி இறங்கிவிடும். ஆனால் நம் தெருக்களில் குறுகலாகவும் செங்குத்தாகவும் போட்டிருக்கும் தடைகளுக்குப் பஞ்சமில்லை. முன் சக்கரம் தாண்டிய பின், அந்தத் தடையின் முழு உயரமும் காரின் வயிற்றுக்கு அடியில் நிற்கும்.

தரையிலிருந்து 165 மில்லிமீட்டர் உயரத்தில் நிற்கும் காரை 40 தாழ்த்தினால் மிச்சம் 125. நான்கு பேர் ஏறினால் மேலும் 25 அளவுக்கு அமுங்கும். மிச்சம் 100. அதாவது 10 சென்டிமீட்டர் தடையில் உரசும் நிலை.

சாய்வு குறையுமா?

தாழ்த்தினால் வளைவில் கார் சாயாது என்பது பொதுவான நம்பிக்கை. இதில் பாதிதான் உண்மை. காரின் எடை மையம் தரையிலிருந்து 550 மில்லிமீட்டர் உயரத்தில் இருந்தால், 30 மில்லிமீட்டர் தாழ்த்துவதால் வெளிப்பக்கச் சக்கரங்களுக்கு மாறும் எடை சுமார் 5 சதவீதமே குறையும்.

இந்தக் கார்களின் முன் பக்கம் இருப்பது மாக்பெர்சன் ஸ்ட்ரட் அமைப்பு. இதில் அளவுக்கு மீறித் தாழ்த்தினால் லோயர் ஆர்ம் சக்கரப் பக்கம் மேல்நோக்கித் திரும்பிவிடும். அப்போது கார் சாயும் அச்சு, எடை மையத்தைவிட அதிகமாகக் கீழே இறங்கிவிடுவதால், சாய வைக்கும் விசை கூடுகிறது. டை ராடின் கோணமும் மாறுவதால், மேடு பள்ளத்தில் ஸ்டியரிங் தானாக இழுக்கும். டயரின் உள் விளிம்பு சீக்கிரம் தேயும்.

ஷாக் அப்சார்பரை மறக்கலாகாது

அமுங்கிய ஸ்பிரிங் துள்ளிக்கொண்டே இருக்கும். அதை அடக்குவது ஷாக் அப்சார்பர். ரயில் பெட்டியில்கூடக் காயில் ஸ்பிரிங்கை அடக்க எண்ணெய் டேம்பர் உண்டு. மெதுவான ஸ்பிரிங்குக்காகச் செய்த பழைய ஷாக், விறைப்பான ஸ்பிரிங்கை அடக்க முடியாமல் திணறும். கார் குதித்துக்கொண்டே போகும். குதிக்கும் சக்கரம் பிரேக்குக்கும் கட்டுப்படாது.

செலவை மிச்சம் பிடிக்கப் பழைய ஸ்பிரிங்கையே கேஸ் கட்டரால் வெட்டி மாட்டும் வழக்கம் சில பட்டறைகளில் உண்டு. இது ஆபத்து. வெப்பத்தில் எஃகின் பதம் கெடும். வெட்டிய முனை இருக்கையில் சரியாகப் பொருந்தாது. சக்கரம் பள்ளத்தில் தொங்கும்போது ஸ்பிரிங் இடம் விட்டு நழுவலாம். ஓனர் வற்புறுத்தினாலும் மறுத்துவிடுவதே தொழிலாளிக்கு நல்லது. ஏதாவது நேர்ந்தால் முதல் கேள்வி அவரை நோக்கித்தான் வரும்.

எதைத் தேர்ந்தெடுப்பது?

ஸ்பிரிங்கில் இரண்டு வகை உண்டு. முதல் வகையில் விறைப்பு எப்போதும் ஒரே அளவு. பந்தயத் தளத்தில் கார் அடுத்து என்ன செய்யும் என்பது ஓட்டுபவருக்குக் கைக்கு நன்றாகத் தெரியும். இரண்டாவது வகையில் அமுங்க அமுங்க விறைப்பு கூடும். சிறு பள்ளங்களில் மென்மையாகவும் வளைவில் உறுதியாகவும் இருப்பதால், தெருவில் அதிகம் ஓடும் காருக்கு இது ஏற்றது. எந்த வகையானாலும் 20 முதல் 25 மில்லிமீட்டருக்கு மேல் தாழ்த்தாமல், ஷாக் அப்சார்பரையும் பொருத்தமாக மாற்றி, வேலை முடிந்ததும் வீல் அலைன்மென்ட் பார்ப்பது அவசியம். இந்த மூன்றுக்கும் பணம் சேரும்வரை ஸ்பிரிங்கை வாங்காமல் இருப்பதே சிக்கனம். பந்தயத் தளத்தில் முதல் முறை ஓட்டுபவருக்கு நல்ல டயரும் நல்ல பிரேக் பேடும் ஸ்பிரிங்கைவிட அதிகம் உதவும்.

சட்டமும் கவனிக்க வேண்டியது. தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வாகனத்தை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுக்கிறது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் இதை வலியுறுத்தியது. ஆகவே, ஸ்பிரிங்குக்கு முன்பணம் கொடுக்குமுன் ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் இன்ஷூரன்ஸ் கம்பெனியிலும் எழுத்து மூலம் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.