கஞ்சியின் மணமும் நோன்பாளியின் பசியும்

ரமளானில் அஸர் தொழுது பள்ளிவாசல் முற்றத்தில் அமர்ந்திருக்கின்றீர்கள். கொல்லைப்புறத்தில் கஞ்சி கொதிக்கின்றது. பூண்டும் வெந்தயமும் கலந்த மணம் வருகின்றது. அதுவரை உறங்கிய பசி திடுமென விழித்தெழ, வாயில் நீர் ஊறுகின்றது. கஞ்சியைக் கண்ணால்கூடக் காணவில்லையே, இஃது எங்ஙனம்?

கண்ணும் செவியும் பெறும் செய்திகள் மூளையின் நடுவேயுள்ள தலாமஸைத் தொட்டே மேற்செல்லும். மணமோ அங்கே காத்திருப்பதில்லை. மூக்கின் மேற்கூரையிலிருந்து முகர்குமிழை அடைந்து, உணர்ச்சிக்குரிய அமிக்டலாவிற்கும், நினைவுக்குரிய ஹிப்போகேம்பஸின் வாயிலுக்கும் நேரே சென்றுவிடுகின்றது. மணம் உணரும் ஏற்பிகளின் மரபணுக்களை 1991இல் வெளிப்படுத்திய லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்ஸல் இருவருக்கும் 2004இல் நோபல் பரிசு கிடைத்தது. மனிதனிடம் அவை சுமார் 400 வகை.

விந்தை இன்னும் உண்டு. வாழைப்பழத்தை வயிறார உண்டவர்களிடம் அதே பழத்தின் மணத்தை நுகரச் செய்து மூளையைப் படம்பிடித்த ஆய்வொன்று 2000ஆம் ஆண்டில் வெளியாயிற்று. கண்குழிக்கு மேலுள்ள முன்மூளைப் பகுதியில் அந்த மணத்துக்கான கிளர்ச்சி குறைந்திருந்தது. வெனிலா மணத்துக்குக் குறையவில்லை. அஸருக்குப் பின் நம்மை வாட்டிய கஞ்சி, மஃரிபுக்குப் பின் நம்மை ஏன் அழைப்பதில்லை என்பது இப்போது விளங்குகின்றதன்றோ? மணம் மாறவில்லை, அதற்கு மூளை இடும் மதிப்பே மாறிற்று.

மணம் நுகர்வதால் நோன்பு முறியாது. எனினும் நோன்பு வேளையில் நறுமணத்தை நாடி நுகர்வதை ஷாஃபிஈ இமாம்கள் விரும்பவில்லை. இச்சையைத் தூண்டும் வாயில் அது என்பதை மார்க்க மேதைகள் அறிந்தே இருந்தனர்.

2021ஆம் ஆண்டு ரமளானுக்குச் சற்று முன் கொரோனா கண்டு தேறினேன். முகரும் உணர்வு மட்டும் திரும்பவில்லை. அவ்வாண்டு நோன்பு எனக்கு மிக எளிதாயிருந்தது. அதுவே என்னை உறுத்தியது. ஆசையே எழாதவன் எதனை அடக்கினான்? பச்சைப் பூண்டு, வெங்காயம் உண்டவர் பள்ளிவாசலை நெருங்க வேண்டா என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் கட்டளை. என்மீது வீசும் வாடையை நானே அறியேன். ஆகவே வீட்டில் தொழக் கிளம்பும் முன்னும் இல்லாளிடம் கேட்டுக் கொள்ளும் வழக்கம் ஏற்பட்டது.

எகிப்திலிருந்து வணிகக்கூட்டம் புறப்பட்டதுமே, தொலைவிலிருந்த யஃகூப் நபி (அலை) தம் மகன் யூசுஃபின் வாடையை உணர்ந்ததாகத் திருமறை கூறுகின்றது. சிலர் இதற்கும் நரம்பியல் விளக்கம் தேடுவர். அஃது அற்புதம், அதை அளக்க நான் முனையேன். ஆயினும் பிரிந்த மகனின் நினைவு மணமாக வந்ததென்று ஓதும்போது, அவ்வாண்டில் என் குரல் தழுதழுத்தது.

பெருநாள் கழிந்து ஒரு காலை. எனக்கு முதலில் திரும்பியது அத்தரின் மணமன்று. அடுக்களையில் வெங்காயம் வதங்கும் மணம். உடனே பசித்தது.