ராமா லாமா டிங் டாங்

பழைய தாளம் - 14

போன வாரம் அறுபதுகளின் பெல்கிரேடில் நின்றோம். ராத்திரி முழுக்க லக்சம்பர்க் வானொலிக்குக் காது கொடுத்துவிட்டு, 1966இல் பெல்கிரேடு கண்காட்சி வளாகத்தில் நடந்த 'கிதாரியாதா' போட்டியில் ஆட்டம் போட்டார்களே, அந்தப் பையன்களுக்கு இப்போது தொப்பை போட்டுவிட்டது. இந்த வாரம் அவர்களுடைய பிள்ளைகளின் வயதுக்காரர்கள். குழுவின் பெயர் வாம்பிரி. ரத்தக் காட்டேரிகள்!

பேர் வைக்க செர்பியர்களுக்கு உரிமை உண்டு. 1725இல் கிசிலியேவோ என்ற செர்பிய கிராமத்தில், செத்துப்போன பேதார் பிளாகோயெவிச் திரும்பி வந்து ஆளடிக்கிறான் என்று ஊரே கிளம்பிப்போய்ச் சவக்குழியைத் தோண்டியது. ஆஸ்திரிய அதிகாரி ஒருவர் அதைப் பார்த்து மேலிடத்துக்கு அறிக்கையே அனுப்பியிருக்கிறார். ஆனால் நம் வாம்பிரி பையன்கள் யாரையும் பயமுறுத்தவில்லை. அவர்கள் தோண்டி எடுத்தது டூவாப்.

டூவாப்புக்கு அதிகம் செலவில்லை. அமெரிக்க நகரங்களின் தெருமுனையில், வாத்தியம் வாங்கக் காசில்லாத கறுப்பினப் பையன்கள் வளர்த்த பாட்டு அது. அடிக்குரல்காரன் முதலில் 'டம் டம்' என்று தரை போடுவான். நடுவில் இரண்டு பேர் 'ஊ', 'ஆ' என்று இழுப்பார்கள். ஒருவன் காதலியைப் பற்றி உருகுவான். கடைசி வரியில் இன்னொருவன் கள்ளக்குரலில் கூரைக்கு ஏறுவான். தாளத்துக்கு விரல் சொடுக்கு போதும். கிதார் இருந்தால் சி, ஏ மைனர், எஃப், ஜி என்று நாலே கார்டு, சுற்றிச் சுற்றி வரும். வார்த்தை வராத இடத்தை நம் மெட்டுக்காரர்கள் தத்தகாரத்தால் நிரப்புவார்கள். டூவாப்பிலோ அந்தத் தத்தகாரமே பல்லவி.

வாம்பிரியின் முதல் ஆல்பத்துக்கு அப்படி ஒரு தத்தகாரம்தான் பெயர்: 'ராமா லாமா டிங் டாங்'. ஒஹையோ மாநிலத்தின் எட்செல்ஸ் குழு பாடிய பழைய பாட்டு அது. 1958இல் இசைத்தட்டு வந்தபோது பெயர் 'லாமா ராமா' என்று தலைகீழாக அச்சாகி, கவனிப்பாரில்லாமல் கிடந்தது. 1961இல்தான் வானொலிக்காரர்கள் தூசி தட்டி எடுத்து ஹிட் ஆக்கினார்கள். முப்பது வருஷம் கழித்து பெல்கிரேடில் அதற்கு இன்னொரு பிறவி. அரசு வானொலி-தொலைக்காட்சியின் இசைத்தட்டு நிறுவனமான பிஜிபி-ஆர்டிபி அதை வெளியிட்ட வருஷம்தான் வயிற்றைப் பிசைகிறது: 1991.

அந்த மார்ச் மாதம் பெல்கிரேடு வீதிகளில் டாங்கி. ஜூனில் யுகோஸ்லாவியாவிலிருந்து ஸ்லோவேனியாவும் குரோவேஷியாவும் பிரிகின்றன. இலையுதிர்காலத்தில் வூகோவார் நகரம் குண்டுவீச்சில் இடிகிறது. 2.35 கோடிப் பேர் கொண்ட சந்தைக்கு இசைத்தட்டு போட்டார்கள். மறு வருஷம் மிஞ்சிய யுகோஸ்லாவியாவில் ஒரு கோடிக்குச் சற்று மேல். பாட்டுக்காரனுக்கு எல்லைக்கோடு என்றால், நேற்றுவரை கச்சேரிக்குப் போன ஊருக்கு இன்று போக முடியாது என்பதுதான் அர்த்தம். 1992 மே 30 அன்று ஐ.நா. பொருளாதாரத் தடை வந்தது. விளையாட்டு, கலாசாரப் பரிமாற்றங்களும் அதில் அடக்கம்.

அதே சமயத்தில் ராக் உலகின் இன்னொரு பக்கம் வேறு மாதிரி நடந்துகொண்டது. பார்ட்டிபிரேக்கர்ஸ், எலக்ட்ரிச்னி ஒர்காசம், எகதரினா வேலிகா குழுக்களின் ஆட்கள் ரிம்துதிதுகி என்ற பெயரில் சேர்ந்து, 1992 மார்ச் 8 அன்று ஒரு லாரியில் ஏறி, போர் வேண்டாம் என்று பாடிக்கொண்டே பெல்கிரேடைச் சுற்றினார்கள். இவர்களை வைத்துப் பார்த்தால் வாம்பிரி தப்பித்து ஓடியவர்கள்தானே என்று கேட்கலாம். ஆமாம், தப்பித்தல்தான். தொலைக்காட்சியைத் திறந்தால் ராணுவச் சீருடை, மூடினால் டர்போஃபோக் என்ற அதிரடி நாட்டுப்பாட்டு என்று இருந்த ஊரில், நான்கு பேர் சுருதி சேர்ந்து பாடியதை நான் குற்றமாக எண்ணவில்லை. லாரி ஏறியவர்களின் துணிச்சல் பெரியதுதான். அதற்காக இவர்களை மட்டம் தட்ட வேண்டியதில்லை.

இரண்டாவது ஆல்பம் 'பிளாவி கிராட்', அதாவது நீல நகரம், 1993இல் வந்தது. அந்த வருஷம் செர்பியாவில் எதை விற்றாலும் நஷ்டம். காலையில் வாங்கிய சம்பளம் சாயங்காலம் காகிதம். டிசம்பரில் 50,000 கோடி தினார் நோட்டு அடித்தார்கள். அதில் இருந்த முகம் குழந்தைப் பாட்டுகளால் புகழ்பெற்ற கவிஞர் யோவான் யோவனோவிச் ஸ்மாயுடையது. ஒரு பாக்கெட் மிட்டாய் வாங்கக்கூட அவர் சீக்கிரமே உதவாமல் போனார். 1994 ஜனவரியில் ஒரு மாதப் பணவீக்கம் மட்டும் 31.3 கோடி சதவீதம். ஜனவரி 24 அன்று பொருளாதார நிபுணர் திராகோஸ்லாவ் அவ்ராமோவிச் ஒரு புது தினாரை ஒரு ஜெர்மன் மார்க்குக்குச் சமமாகக் கட்டிய பிறகுதான் கடைக்காரர்கள் விலைச்சீட்டு எழுத ஆரம்பித்தார்கள்.

அந்த 1994இலேயே வாம்பிரியில் இருந்த தேயான் பேயோவிச்சும் அலெக்சாண்டர் வாசில்யெவிச்சும் ஃபமிலியா என்ற தங்கள் குழுவின் பெயரில் 'நாரோட்னோ பொசோரிஷ்தே' ஆல்பத்தோடு வந்தார்கள். தேசிய நாடக அரங்கம் என்று கம்பீரமான தலைப்பு. உள்ளே பூரா கிண்டல். இரவல் அமெரிக்கக் காதல் போய், உள்ளூர் நையாண்டி ஏறியது. 'காத் பி மோயா பிலா' பாட்டில் குரல்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறுவதைக் கேளுங்கள்: வாம்பிரியில் கற்ற வித்தை அப்படியே இருக்கிறது. என்னைக் கேட்டால், மூல வாம்பிரியைவிட இந்தக் கிளைதான் சுவை. பழசைப் போல் பாடுவதை விட்டுவிட்டு, பழசின் கட்டுமானத்தை மட்டும் வைத்துக்கொண்டார்கள். 1997இல் 'செல்யாச்கா பூனா', விவசாயிகள் கலகம், என்று இரண்டாவது ஆல்பம் போட்டார்கள்; அத்தோடு ஃபமிலியாவும் கலைந்தது.

(தொடரும்)